ஜாக் சார்ல்டன்: தடுப்பாட்டக்காரர் வகுத்த தாக்குதல்

ஜாக் சார்ல்டன் கால்பந்தில் இரண்டு முழு வாழ்க்கை வாழ்ந்தவர். முதலாவதில் லீட்ஸ் யுனைடெட் கிளப்புக்காக 773 ஆட்டங்களும் இங்கிலாந்து நாட்டுக்காக 35 ஆட்டங்களும் ஆடினார். 1966இல் உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்தார். இரண்டாவதில் அயர்லாந்துக் குடியரசின் பயிற்சியாளராகப் பத்தாண்டுக் காலம் இருந்து, அதுவரை எந்தப் பெரிய போட்டியின் இறுதிச் சுற்றுக்கும் தகுதி பெற்றிராத அந்நாட்டை ஒரு முறை ஐரோப்பியக் கோப்பைக்கும் இரண்டு முறை உலகக் கோப்பைக்கும் கொண்டுபோனார். பயிற்சியாளராக அவர் செய்தவற்றில் பெரும்பகுதி, தடுப்பாட்டக்காரராக அவர் பட்ட பாட்டிலிருந்து பிறந்தது. ஒரு தடுப்பாட்டக்காரர் எதற்கு அஞ்சுவார் என்பது அவருக்குத் தெரியும். அந்த அச்சத்தை எதிரணித் தடுப்பாட்டக்காரர்களுக்கு உண்டாக்குவதே அவருடைய ஆட்டமுறை.

சார்ல்டன் ஆடிய இடம் சென்டர் பேக். நம் ஊர் மைதானங்களில் ஸ்டாப்பர் என்று சொல்லப்படுபவர். கோல்கீப்பருக்கு முன்னால் நிற்பவர். பந்தும் எதிராளியும் தன் முகத்துக்கு நேரே வரும்வரை அவருக்குச் சிக்கல் இல்லை. தலையால் முட்டித் திருப்பலாம், காலால் இடைமறிக்கலாம். பந்து அவர் தலைக்கு மேலே பறந்து முதுகுப்பக்கம் விழும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. அவர் திரும்பி, தன் கோலை நோக்கியே ஓட வேண்டும். ஏற்கெனவே வேகமெடுத்துவிட்ட எதிரணி ஆட்டக்காரர் பக்கத்தில் மூச்சிரைக்க வருவார். அந்தச் சில விநாடிகளில் தவறு நேரும் வாய்ப்பு அதிகம். உயரமான, கால் நீளமான, திரும்புவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் ஒருவருக்கு இது இன்னும் கடினம். சார்ல்டன் ஆறடிக்கு மேல் உயரம். நீண்ட கழுத்து காரணமாக ஒட்டகச்சிவிங்கி என்ற பட்டப்பெயரே அவருக்கு உண்டு.

அவர் பிறந்தது 1935 மே 8 அன்று, இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் உள்ள ஆஷிங்டன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில். தந்தை பாப் சுரங்கத் தொழிலாளி. அவருக்குக் கால்பந்தில் பெரிய நாட்டமில்லை. விளையாட்டு வந்தது தாய் சிஸ்ஸியின் வழியில். சிஸ்ஸி பிறந்த மில்பர்ன் குடும்பமே கால்பந்துக் குடும்பம். அவருடைய சகோதரர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள். நியூகாசில் யுனைடெடின் புகழ்பெற்ற ஸ்ட்ரைக்கர் ஜாக்கி மில்பர்ன் அவருக்கு ஒன்றுவிட்ட சகோதரர். ஜாக்குக்கு இரண்டு வயது இளையவர் தம்பி பாபி சார்ல்டன். பின்னாளில் இங்கிலாந்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரானவர் இவர்தான். சிறு வயதிலேயே தம்பியின் திறமையை ஊர் முழுக்கப் பேசியது. அண்ணனை யாரும் கவனிக்கவில்லை. அண்ணனுக்கு ஆற்றில் மீன் பிடிப்பதிலும் வயல்வெளியில் திரிவதிலும்தான் நாட்டம். தூண்டிலோடு கழியும் அந்த நேரத்தை அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

15 வயதில் லீட்ஸ் யுனைடெட் அவருக்குத் தேர்வு ஆட்டம் ஒன்றில் வாய்ப்பளிக்க முன்வந்தது. தாய்மாமன் ஜிம் அந்த கிளப்பில் ஆடியவர். ஜாக் முதலில் அதை மறுத்துவிட்டு, தந்தையைப் போல் சுரங்க வேலைக்குப் போனார். நிலத்தடி வேலையின் கடுமையைக் கண்டதும் விலகிவிட்டார். காவல்துறை வேலைக்கு விண்ணப்பித்தார். நேர்முகத் தேர்வும் லீட்ஸ் தேர்வு ஆட்டமும் ஒரே நாளில் வந்தன. ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். சேர்ந்ததும் கிடைத்த வேலை மைதானத்தில் களை பிடுங்குவதும் மூத்தவர்களின் பூட்ஸைத் துடைப்பதும். அன்றைய இளம் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் தொடக்கம். 1953 ஏப்ரலில், 18 வயது நிறைவதற்குச் சில நாட்கள் முன்பு, டான்காஸ்டர் ரோவர்ஸ் அணிக்கு எதிராக முதல் ஆட்டம் ஆடினார். அதன்பின் இரண்டு ஆண்டு கட்டாய ராணுவ சேவை. அங்கே குதிரைப்படைப் பிரிவின் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கினார்.

திரும்பி வந்தபின் அவர் நல்ல ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கினார். ஒழுங்கான ஆட்டக்காரர் என்று வாங்கவில்லை. பயிற்சியாளரோடு வாக்குவாதம், சக ஆட்டக்காரர்களோடு உரசல். 1960இல் லீட்ஸ் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. ஆனால் அதே காலத்தில் அவர் செய்த ஒரு காரியம், பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அடித்தளமிட்டது. லில்லஷாலில் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் நடத்திய பயிற்சியாளர் வகுப்புகளுக்கு இருபதுகளின் வயதிலேயே போய்ச் சேர்ந்தார். பெரும்பாலான ஆட்டக்காரர்கள் ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பார்கள். இவர் ஆடிக்கொண்டே ஆட்டத்தைப் படித்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்.

1961 மார்ச்சில், அதுவரை அணியில் உடன் ஆடிக்கொண்டிருந்த டான் ரெவி பயிற்சியாளரானார். ரெவிக்குச் சார்ல்டன்மேல் நல்ல எண்ணம் இருந்ததில்லை. 1962இல் அவரை வேறு கிளப்புக்கு விற்கும் பேச்சும் நடந்து முறிந்தது. அதன்பின் இருவரும் உட்கார்ந்து பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். தடுப்பு வரிசையைத் தன் யோசனைப்படி அமைக்க விடுமாறு சார்ல்டன் கேட்டார், ரெவி இணங்கினார். ஒவ்வொருவரும் ஒரு எதிராளியை விடாமல் பின்தொடர்வதற்குப் பதிலாக, ஒவ்வொருவரும் ஒரு பகுதியைக் காக்கும் முறை வந்தது. பக்கத்தில் நார்மன் ஹண்டர் வந்து சேர்ந்தார். இருவரும் சேர்ந்த தடுப்பு பத்தாண்டுக்கு மேல் நீடித்தது.

1964இல் லீட்ஸ் முதல் டிவிஷனுக்கு ஏறியது. 1968இல் லீக் கோப்பை, அதே ஆண்டிலும் 1971இலும் ஃபேர்ஸ் கோப்பை, 1972இல் எஃப்.ஏ. கோப்பை என்று வெற்றிகள் தொடர்ந்தன. எல்லாவற்றுக்கும் மேலானது 1968–69 லீக் பட்டம். 42 ஆட்டங்களில் இரண்டே தோல்வி. வாங்கிய கோல்கள் 26. சார்ல்டன் கோல் அடிப்பவரும்கூட. கார்னர் கிக் நேரத்தில் எதிரணி கோல்கீப்பருக்கு நேர் முன்னால், கோல் கோட்டின்மேல் போய் நின்றுகொள்வார். கோல்கீப்பரால் பந்தைப் பார்க்கவும் முடியாது, வெளியே வந்து பிடிக்கவும் முடியாது. எதிரணிகள் கொதித்தன, விதி அதைத் தடுக்கவில்லை. எதிராளிக்கு எது தொல்லை என்று தேடும் மனப்பாங்கு அப்போதே தெரிகிறது.

இங்கிலாந்து அணிக்கு அழைப்பு வந்தபோது அவருக்கு ஏறக்குறைய 30 வயது. 1965 எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி மறுஆட்டத்தில் தம்பி பாபி ஆடிய மான்செஸ்டர் யுனைடெடை லீட்ஸ் 1–0 என வென்றது. ஆட்டம் முடிந்ததும் ரெவி அவரிடம் செய்தியைச் சொன்னார். ஜாக் மகிழ்ச்சி தாங்காமல் நேரே மான்செஸ்டர் அணியின் உடைமாற்றும் அறைக்குப் போய்த் தம்பியிடம் சொன்னார். தோல்வியில் சோர்ந்திருந்த அந்த அறையில் பாபி எழுந்து வாழ்த்தினார். மற்றவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. சகோதரர்கள் இருவரும் ஸ்காட்லாந்துக்கு எதிரான அடுத்த ஆட்டத்தில் சேர்ந்தே களம் இறங்கினார்கள்.

தன்னை ஏன் எடுத்தார் என்று இங்கிலாந்துப் பயிற்சியாளர் ஆல்ஃப் ராம்சேயிடம் பிறகு சார்ல்டன் கேட்டதாகவும், எப்போதும் சிறந்த ஆட்டக்காரர்களைத்தான் எடுப்பதில்லை, தன் திட்டத்துக்குப் பொருந்துபவர்களை எடுப்பதாக ராம்சே பதில் சொன்னதாகவும் சொல்வதுண்டு. பின்னாளில் சார்ல்டன் அணி தேர்ந்தெடுத்த விதத்தைப் பார்த்தால், அந்தப் பதில் அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது தெரியும்.

1966 உலகக் கோப்பையில் அரையிறுதிக்கு முன்புவரை இங்கிலாந்து ஒரு கோல்கூட வாங்கவில்லை. போர்ச்சுகலுக்கு எதிரான அரையிறுதியில், கோலுக்குள் போகவிருந்த பந்தைச் சார்ல்டன் கையால் தடுத்ததால் கிடைத்த பெனால்டியை யூசேபியோ கோலாக்கினார். அப்போதும் இங்கிலாந்து 2–1 என வென்றது. இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனி கடைசி நிமிடத்தில் அடித்த சமன் கோலும் சார்ல்டன் கொடுத்த ஃப்ரீ கிக்கிலிருந்து வந்ததே. தான் செய்தது தப்பாட்டமே அல்ல என்று அவர் சொல்லிவந்தார். கூடுதல் நேரத்தில் இங்கிலாந்து 4–2 என வென்றதும் அவர் அப்படியே மண்டியிட்டு விழுந்தார். 1967இல் இங்கிலாந்தின் கால்பந்துப் பத்திரிகையாளர்கள் அவரை ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அதே விருதைப் பெற்றவர் பாபி.

1973இல் ஓய்வு பெற்ற உடனே மிடில்ஸ்பரோ கிளப் அவரைப் பயிற்சியாளராக்கியது. அது அப்போது இரண்டாம் டிவிஷனில் இருந்தது. சார்ல்டன் எழுத்து ஒப்பந்தம் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. அணி விவகாரத்தில் நிர்வாகம் தலையிடக் கூடாது, தூண்டிலுக்கும் வேட்டைத் துப்பாக்கிக்கும் தனக்கு நாள் வேண்டும் என்பவைதான் நிபந்தனைகள். முதல் சீசனிலேயே மிடில்ஸ்பரோ பட்டம் வென்று மேலே ஏறியது. வெற்றிக்கு இரண்டு புள்ளிகள் மட்டுமே தரப்பட்ட அந்தக் காலத்தில், இரண்டாம் இடம் பிடித்த லூட்டன் அணியைவிட 15 புள்ளிகள் முன்னால் முடித்தது. ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதும் அவருக்குக் கிடைத்தது. முதல் டிவிஷனுக்கு வெளியே இருந்த ஒருவருக்கு அது கிடைத்தது அன்று பெரிய விஷயம்.

அந்த அணியில் ஆலன் ஃபாகன் என்ற ஆட்டக்காரரை அவர் பயன்படுத்திய விதம் கவனிக்கத்தக்கது. அன்றைய இங்கிலாந்து அணிகள் தடுப்பு வரிசையை நடுக்கோடு வரைக்கும் முன்னேற்றி, எதிரணி ஸ்ட்ரைக்கர்களை ஆஃப்சைடில் மாட்டவைக்கும். லீட்ஸில் ஆடியபோது சார்ல்டனும் அதைச் செய்தவர்தான். அந்த வரிசையை உடைப்பவர் எங்கிருந்து வருவார் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. முன்னால் நிற்கும் ஸ்ட்ரைக்கரைத் தடுப்பாட்டக்காரர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பின்னால் நடுக்களத்திலிருந்து வேகமெடுத்து ஓடிவருபவரைப் பார்க்க மாட்டார்கள். பந்து உதைக்கப்படும் நேரத்தில் அவர் ஆஃப்சைடிலும் இருக்க மாட்டார். ஃபாகனின் வேலை அந்த ஓட்டம்தான். தானே காத்த கோட்டையின் எந்தச் சுவர் மெலிந்தது என்று தெரிந்தவர் சொல்லிக்கொடுத்த வழி அது. இளைஞராக இருந்த கிரேம் சூனஸை நடுக்கள ஆட்டக்காரராக வளர்த்ததும் அதே மிடில்ஸ்பரோ காலத்தில்தான்.

1977இல் ரெவி இங்கிலாந்து அணியின் பயிற்சியாளர் பதவியை விட்டு விலகியபோது சார்ல்டன் அந்தப் பதவிக்கு விண்ணப்பித்தார். பதில் கடிதம்கூட வரவில்லை. உலகக் கோப்பை வென்ற ஒருவருக்கு நேர்ந்த இந்த அவமதிப்பு அவரைக் கடைசிவரை உறுத்தியது. இனி எந்த வேலைக்கும் விண்ணப்பிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் மூன்றாம் டிவிஷனின் அடிமட்டத்தில் கிடந்த ஷெஃபீல்டு வென்ஸ்டேவை ஏற்றுக்கொண்டு, 1980இல் அதை இரண்டாம் டிவிஷனுக்கு உயர்த்தினார். 1983இல் அந்த அணி எஃப்.ஏ. கோப்பை அரையிறுதிவரை போனது. பிறகு நியூகாசிலில் ஓர் ஆண்டு. தாய்வழி உறவினரான ஜாக்கி மில்பர்ன் ஆடிய அந்த கிளப்பின் ரசிகர்கள் அவருடைய ஆட்டமுறையை ஏற்கவில்லை. 1985 ஆகஸ்டில், சீசன் தொடங்கும் முன்பே, ஒரு நட்பு ஆட்டத்தில் எழுந்த கூச்சலைக் கேட்டு விலகிவிட்டார்.

1986 பிப்ரவரியில் அயர்லாந்துக் கால்பந்துச் சங்கம் அவரைத் தேர்ந்தெடுத்தது. முதல் சுற்று வாக்கெடுப்பில் முன்னிலை பெற்றவர் லிவர்பூலின் முன்னாள் பயிற்சியாளர் பாப் பெய்ஸ்லி; கடைசிச் சுற்றில் சில வாக்குகள் மாறியதால் சார்ல்டன் வென்றார். அயர்லாந்து அணிக்கு வெளிநாட்டவர் ஒருவர் முழுநேரப் பொறுப்பேற்பது அதுவே முதல் முறை. அதிலும் ஆங்கிலேயர். வட அயர்லாந்தில் குண்டுவெடிப்பும் துப்பாக்கிச் சூடும் ஓயாத காலம். டப்ளினில் நடந்த முதல் ஆட்டத்தில் அவரைத் திரும்பிப் போகச் சொல்லும் பதாகை அரங்கில் பிடிக்கப்பட்டது. வேல்ஸுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் அயர்லாந்து 0–1 எனத் தோற்கவும் செய்தது.

அவருக்குக் கிடைத்த ஆட்டக்காரர்கள் திறமையற்றவர்கள் அல்லர். பெரும்பாலோர் இங்கிலாந்தின் கிளப்புகளில் ஆடியவர்கள். ஆனால் நாட்டு அணியாகச் சேரும்போது பயிற்சிக்குக் கிடைப்பது சில நாட்கள் மட்டுமே. நுணுக்கமான ஆட்டத்தை அந்த நாட்களில் சொல்லிக்கொடுக்க முடியாது என்று சார்ல்டன் நினைத்தார். 1986 உலகக் கோப்பையை அவர் உன்னிப்பாகப் பார்த்தார். எல்லா நாடுகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆடுவதாக அவருக்குப் பட்டது: பின்வரிசையிலிருந்து நிதானமாகப் பந்தைக் கொண்டுவருவது, நடுக்களத்தில் ஒரு கலைஞர் அதை வாங்கிப் பிரித்துக் கொடுப்பது. அதே ஆட்டத்தை ஆடினால் பிரேசிலையோ இத்தாலியையோ அயர்லாந்து வெல்லப்போவதில்லை. எனவே அவர்கள் ஆட்டத்தையே தொடங்கவிடாத வழியைத் தேடினார்.

அந்த வழி சொல்வதற்கு எளிது. கோல்கீப்பர் பாக்கி பானர் பந்தை நீளமாக உதைப்பார். பந்து போய் விழ வேண்டிய இடம், எதிரணியின் ஓரத் தடுப்பாட்டக்காரர்களான ஃபுல்பேக்குகளின் முதுகுப்பக்கம், கார்னர் கொடியை ஒட்டிய பகுதி. ஃபுல்பேக் திரும்பித் தன் கோலை நோக்கி ஓடுவார். அவர் பந்தைத் தொடுவதற்குள் அயர்லாந்தின் ஸ்ட்ரைக்கர் பக்கத்தில் இருப்பார். அவருக்குப் பின்னால் நடுக்கள ஆட்டக்காரர்கள் முன்னேறி, பந்து வெளியேறும் வழிகளை அடைத்து நிற்பார்கள். ஃபுல்பேக் பந்தை வெளியே தட்டினால் கோலுக்குப் பக்கத்திலேயே அயர்லாந்துக்கு த்ரோ. அவசரத்தில் தவறாக உதைத்தால் இன்னும் நல்லது.

இதில் அதிகம் தியாகம் செய்தவர் ஜான் ஆல்ட்ரிஜ். லிவர்பூலில் கோல்களாகக் குவித்த அவருக்கு, அயர்லாந்துக்காக முதல் கோல் அடிக்க 20 ஆட்டங்கள் பிடித்தன. எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் துரத்துவதே அவருடைய முதல் வேலை என்பதால் கோல் முன்னால் நிற்க அவருக்கு நேரமில்லை. சார்ல்டன் அதற்காக அவரை ஒருபோதும் நீக்கவில்லை.

அணியை விரிவுபடுத்தவும் அவர் ஒரு வழி கண்டார். வேலை தேடி அயர்லாந்திலிருந்து தலைமுறை தலைமுறையாக மக்கள் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் குடிபெயர்ந்திருந்தார்கள். பெற்றோரோ பாட்டன் பாட்டியோ அயர்லாந்தில் பிறந்திருந்தால் அந்நாட்டுக்காக ஆட முடியும். லிவர்பூல்காரரான ஆல்ட்ரிஜை அழைக்க ஆக்ஸ்ஃபோர்டு கிளப்புக்குப் போனபோது, அதே அணியில் ஆடிய, கிளாஸ்கோவில் பிறந்த ரே ஹவுட்டனின் தந்தையும் அயர்லாந்துக்காரர் என்று ஆல்ட்ரிஜ் சொன்னார். ஒரு பயணத்தில் இருவர் கிடைத்தார்கள். இவர்களை வாடகை ஆட்டக்காரர்கள் என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. அது நியாயமற்ற பேச்சு. பிழைக்க வழியில்லாமல் ஊரைவிட்டுப் போனவர்களின் பிள்ளைகள் அவர்கள். அவர்கள் வீட்டில் அந்த ஊர் நினைவு அறுந்துவிடவில்லை.

1988 ஐரோப்பியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. அயர்லாந்து தன் ஆட்டங்களை முடித்துவிட்டுக் காத்திருந்தது. சோஃபியாவில் ஸ்காட்லாந்துக்கு எதிராகச் சமன் செய்தாலே பல்கேரியாவுக்கு இடம். ஆட்டம் முடியும் தறுவாயில் ஸ்காட்லாந்தின் கேரி மெக்கே கோல் அடித்தார். அயர்லாந்து முதல் முறையாகப் பெரிய போட்டிக்குள் நுழைந்தது. 1988 ஜூன் 12 அன்று ஸ்டுட்கார்ட்டில் முதல் ஆட்டம், எதிரணி இங்கிலாந்து.

ஆறாவது நிமிடத்தில் விழுந்த கோலை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் சார்ல்டனின் பாடம் முழுவதும் அதில் இருக்கிறது. டோனி கால்வின் இடப்பக்கமிருந்து பந்தை உள்ளே தூக்கிப்போட்டார். நெருக்கப்பட்ட இங்கிலாந்து ஃபுல்பேக் கென்னி சான்சம் அதைச் சரியாக உதைக்க முடியாமல் செங்குத்தாக வானத்தில் ஏற்றிவிட்டார். இறங்கிய பந்தை ஆல்ட்ரிஜ் தலையால் தட்டிவிட, ஹவுட்டன் தலையால் முட்டிக் கோலாக்கினார். மீதி நேரம் முழுக்க பானர் தடுத்துக் காத்தார். 1–0. அடுத்து சோவியத் யூனியனோடு 1–1. நெதர்லாந்துக்கு எதிராக 82ஆம் நிமிடத்தில் வாங்கிய ஒரு கோலால் அரையிறுதி கைநழுவியது. அந்த நெதர்லாந்துதான் கோப்பையை வென்றது.

1990 இத்தாலி உலகக் கோப்பையில் அயர்லாந்து ஐந்து ஆட்டங்களில் அடித்த கோல்கள் இரண்டே. ஓர் ஆட்டத்தைக்கூட உரிய நேரத்தில் வெல்லாமலே காலிறுதிக்குப் போனது. அந்த இரண்டு கோல்களும் முன் சொன்ன அச்சில் வார்த்தவை. இங்கிலாந்துக்கு எதிராக, தன் கோலுக்கு அருகில் ஸ்டீவ் மக்மேன் கட்டுப்படுத்தத் தவறிய பந்தை கெவின் ஷீடி இடக்காலால் உதைத்து உள்ளே அனுப்பினார். நெதர்லாந்துக்கு எதிராக பானர் உதைத்த நீண்ட பந்தை அந்நாட்டுத் தடுப்பாட்டக்காரர் பதற்றத்தில் தன் கோல்கீப்பருக்கே திருப்பித் தட்டினார். அவர் கையிலிருந்து அது நழுவ, ஓடிவந்து சறுக்கிய நைல் குவின் கோலாக்கினார்.

இரண்டுக்கும் நடுவே எகிப்தோடு ஆடிய 0–0 ஆட்டம் பார்க்கச் சகிக்காதது என்பதையும் சொல்லியாக வேண்டும். எகிப்தியர்கள் பின்னால் குவிந்து நிற்க, அயர்லாந்துக்கு வேறு வழி தெரியவில்லை. எதிரணி முன்னேறி வராவிட்டால் அதன் முதுகுப்பக்கம் இடமே இருக்காது. சார்ல்டனின் முறைக்கு இருந்த பெரிய குறை இது. முன்னாள் ஆட்டக்காரரும் பத்திரிகையாளருமான ஏமன் டன்ஃபி தொலைக்காட்சியில் அந்த ஆட்டத்தைக் கடுமையாகச் சாடினார். நாட்டில் பெரும்பாலோர் சார்ல்டன் பக்கமே நின்றார்கள். கோல்கீப்பருக்குப் பந்தைத் திருப்பித் திருப்பித் தட்டி நேரம் போக்கிய அந்த உலகக் கோப்பையின் ஆட்டங்களுக்குப் பிறகுதான், சக ஆட்டக்காரர் காலால் தரும் பந்தை கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992இல் வந்தது.

ருமேனியாவுடனான இரண்டாம் சுற்று ஆட்டம் கோலின்றி முடிந்து பெனால்டிக்குப் போனது. ருமேனியாவின் கடைசி உதையை பானர் தடுத்தார். வெற்றி உதையை உதைக்க வந்தவர் டேவிட் ஓ'லியரி. 1986இல் குடும்பத்தோடு விடுமுறைக்குத் திட்டமிட்டிருந்ததால் ஐஸ்லாந்து பயணத்துக்கு வர மறுத்த ஓ'லியரியை, ஆர்சனலின் மிகத் திறமையான சென்டர் பேக்காக அவர் இருந்தும், இரண்டாண்டுக்கு மேல் சார்ல்டன் அணிக்கு வெளியே வைத்திருந்தார். பிடிவாதம் அவருடைய பலமும் பலவீனமும். ஓ'லியரி பந்தை வலைக்குள் உதைத்தார். காலிறுதியில் இத்தாலியின் ஸ்கில்லாச்சி அடித்த ஒரே கோலில் அயர்லாந்து தோற்றது. டப்ளின் திரும்பிய அணியை வரவேற்க லட்சக்கணக்கானோர் தெருவில் திரண்டார்கள்.

லியம் பிரேடியின் கதையில் இந்தப் பிடிவாதத்தின் இன்னொரு முகம் தெரியும். அயர்லாந்து கண்ட மிக அழகான நடுக்கள ஆட்டக்காரர் அவர். பந்தை வாங்கி நிறுத்தி யோசித்துக் கொடுப்பது அவர் பாணி. சார்ல்டனுக்கு அந்த நிறுத்தம் ஆகாது. 1989இல் மேற்கு ஜெர்மனியுடனான நட்பு ஆட்டத்தில் இடைவேளைக்கு முன்பே அவரை வெளியே எடுத்தார். பிரேடி நாட்டு அணியிலிருந்து விலகினார். அந்த முடிவுக்கு ஆட்டமுறை சார்ந்த காரணம் உண்டு. அதைச் செய்த விதத்துக்கு நியாயம் சொல்வது கடினம்.

பால் மக்ராத்திடம் அவர் நடந்துகொண்டது நேர் எதிர். முழங்காலில் பல அறுவைசிகிச்சைகள், விடாத குடிப்பழக்கம், ஆதரவற்றோர் இல்லங்களில் கழிந்த குழந்தைப்பருவம் என்று மக்ராத்துக்குச் சுமை அதிகம். சில ஆட்டங்களுக்கு அவரால் வரவே முடியாமல் போனது. சார்ல்டன் அவரைக் கடிந்து ஒதுக்கவில்லை; வெளியே தெரியாமல் மறைத்து, திரும்ப அழைத்து, மீண்டும் ஆடவைத்தார். தந்தையின் இடத்தில் சார்ல்டனை வைத்துப் பார்த்ததாக மக்ராத் பின்னர் சொல்லியிருக்கிறார்.

1993 ஆகஸ்டில் உலகத் தரவரிசையில் அயர்லாந்து 6ஆம் இடம் பிடித்தது. அந்த ஆண்டு நவம்பரில் பெல்ஃபாஸ்ட்டில், பதற்றம் நிறைந்த இரவில், வட அயர்லாந்தோடு 1–1 எனச் சமன் செய்து 1994 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. ஜூன் 18 அன்று நியூயார்க் அருகே ஜயண்ட்ஸ் அரங்கில் இத்தாலி. 11ஆம் நிமிடத்தில், தலைக்கு மேல் வந்த பந்தை இத்தாலியின் மாபெரும் தடுப்பாட்டக்காரர் ஃபிராங்கோ பரேசி தலையால் முட்டினார். அது வலுவில்லாமல் ஹவுட்டன் முன்னால் விழுந்தது. மார்பில் வாங்கி, இடக்காலால் கோல்கீப்பர் பல்யூகாவின் தலைக்கு மேலே தூக்கிப்போட்டார். மீதி நேரத்தில் மக்ராத் ஆடிய தடுப்பாட்டம் உலகக் கோப்பை வரலாற்றின் சிறந்த தடுப்பாட்டங்களில் ஒன்று. அதே இரவில் வட அயர்லாந்தின் லொக்கினைலண்ட் கிராமத்தில், மதுக்கடை ஒன்றில் இந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த 6 பேரை ஆயுதக் குழுவினர் சுட்டுக் கொன்றார்கள்.

ஆர்லாண்டோவின் உச்சிவெயிலில் மெக்சிகோவோடு நடந்த அடுத்த ஆட்டத்தில் விடாமல் ஓடும் முறை வெப்பத்தில் வதங்கியது. ஆல்ட்ரிஜை மாற்றாக இறக்க அதிகாரிகள் தாமதித்ததால் கோட்டருகே பெரும் சச்சரவு. சார்ல்டனுக்கு அபராதமும் ஓர் ஆட்டத்துக்குக் களத்தோரம் வரத் தடையும் கிடைத்தன. இறங்கிய ஆல்ட்ரிஜ் அடித்த கோல் தோல்வியைத் தடுக்கவில்லை, 1–2. ஆனால் அந்தப் பிரிவில் நான்கு அணிகளும் 4 புள்ளிகளோடு முடிந்தபோது அந்தக் கோல்தான் அயர்லாந்தை அடுத்த சுற்றுக்கு ஏற்றியது. அங்கே நெதர்லாந்திடம் 0–2 எனத் தோற்றது.

அதன்பின் சரிவு. ஆட்டக்காரர்களுக்கு வயதாகிவிட்டது; எதிரணிகளும் முறையைப் புரிந்துகொண்டன. 1995 ஜூனில் குட்டி நாடான லிக்டன்ஸ்டைன் அயர்லாந்தைக் கோல் அடிக்கவிடாமல் சமன் செய்தது. ஆஸ்திரியாவிடம் இரண்டு முறை 1–3 எனத் தோல்வி. டிசம்பர் 13 அன்று லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் நடந்த ஐரோப்பியக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் நெதர்லாந்தின் இளைஞர் பேட்ரிக் க்ளைவர்ட் இரண்டு கோல்கள் அடித்தார். சில நாட்களில் சார்ல்டன் பதவி விலகினார். 1996இல் அயர்லாந்து அவருக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கியது. அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் அவரிடம் அணித்தலைவராக இருந்த மிக் மக்கார்த்தி. அவரும் சென்டர் பேக்தான். 2002 உலகக் கோப்பைக்கு அயர்லாந்தை அவர் கொண்டுபோனார்.

சார்ல்டன் மீண்டும் எந்த அணிக்கும் பயிற்சியளிக்கவில்லை. கடைசி ஆண்டுகளில் மறதிநோயால் நினைவாற்றல் மங்கியது. 2020 ஜூலை 10 அன்று, 85 வயதில் காலமானார். 1966 அணியில் ரே வில்சன், மார்ட்டின் பீட்டர்ஸ், நாபி ஸ்டைல்ஸ் ஆகியோருக்கும், 2023இல் மறைந்த தம்பி பாபிக்கும் அதே மறதிநோய் வந்தது. ஒருவரின் நோய்க்கு இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட முடிவின்படி, ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மூளைச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம். 2021இல் அவர்களே ஆடும் இடத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தபோது, கோல்கீப்பர்களுக்கு அந்த அபாயம் கூடவில்லை. மிக அதிகமாக, ஏறக்குறைய ஐந்து மடங்காக இருந்தது தடுப்பாட்டக்காரர்களுக்கு. பந்தைத் தலையால் அதிகம் முட்டுபவர்கள் அவர்கள். 2020 பிப்ரவரியில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துக் கால்பந்துச் சங்கங்கள், தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் பந்தைத் தலையால் முட்டக் கற்றுக்கொடுப்பதை நிறுத்தின.